புதுக்கோட்டை அம்மன் காசு

வீட்டில் ஒரு பொருள் காணாமற் போனால், "அரைக்காசு அம்மனுக்கு வெல்லம் வைக்கிறேன்" என்று நேர்ந்துகொள்ளும் வழக்கத்தை எம் பெரியோர் பலர் அறிவர். அந்த அம்மன் யார், அரைக்காசு அவள் பெயரோடு எவ்வாறு சேர்ந்தது என்று கேட்டால் விடை கூறுவோர் குறைவு. புதுக்கோட்டையை அடுத்த திருக்கோகர்ணத்தில் கோயில் கொண்ட பிரகதாம்பாளே அவள். தொண்டைமான் மன்னர்களின் குலதெய்வம். அவர்கள் வழங்கிய செப்புக்காசில் அமர்ந்த கோலத்தில் காட்சி தருபவள்.

மாத்தளையில் வாழும் எமக்கு இச்சரித்திரம் அயலார் கதையன்று. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரம் ஆகிய சீமைகளிலிருந்து தோணியேறி மன்னாரில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தா கடந்து கால்நடையாக மாத்தளைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே எம்மில் பெரும்பாலோர். ஆயினும் மிஷன் பாடசாலையில் ரோமச் சக்கரவர்த்திகளின் பெயர்களை வரிசைப்படி ஒப்புவித்த நாம், தொண்டைமான் ஒருவரின் பெயரையேனும் அங்கே கேட்டதில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த ரோமச் சக்கரவர்த்திகளும் புதுக்கோட்டையில் அகப்பட்டனர்! 1898ஆம் ஆண்டு அச்சமஸ்தானத்துக் கருக்காக்குறிச்சியில் 501 ரோமப் பொற்காசுகள் ஒரு புதையலாகக் கிடைத்தன. அவற்றிற் பெரும்பாலானவற்றில் சக்கரவர்த்தியின் தலைமீது உளியால் வெட்டிய தழும்பு இருந்தது.

சமஸ்தானத்தின் தொடக்கம் ஒரு திருமணத்தில் இருக்கிறது. இராமநாதபுரத்துக் கிழவன் சேதுபதி, காதலி நாச்சியாரை மணந்து, அவருடைய தமையன் ரகுநாதத் தொண்டைமானுக்கு 1686ஆம் ஆண்டளவில் புதுக்கோட்டைப் பகுதியை ஆளக் கொடுத்தார். அதன் பரப்பு ஏறத்தாழ 1,180 சதுர மைல். ஏரியையும் கண்மாயையும் நம்பிய வானம் பார்த்த பூமி. இத்துணைச் சிறிய நாடு, தஞ்சையும் மதுரையும் சேதுநாடும் தம் பழைய நிலை குலைந்த பின்னரும் 1948 வரை நின்றது எப்படி?

விடை இனிப்பானதன்று. ஆங்கிலக் கும்பினியாரோடு கொண்ட நட்பே காரணம். கர்நாடகப் போர்களில் தொண்டைமான்கள் அவர்கள் பக்கம் நின்றனர். 1799இல் திருக்களம்பூர்க் காட்டில் மறைந்திருந்த வீரபாண்டியக் கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர்கள் தொண்டைமானின் ஆட்களே. அவ்வாண்டு அக்டோபர் 16ஆம் திகதி கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டான். 1803இல் கீழாநிலைக் கோட்டையும் அதைச் சார்ந்த நிலமும் தொண்டைமானுக்குக் கிடைத்தன. ஆண்டுக்கு ஒரு யானை கப்பம் என்பது ஏற்பாடு. அந்த யானையை ஒருபோதும் வற்புறுத்திக் கேளாமல், 1836இல் கப்பத்தையே தள்ளிவிட்டனர். தொண்டைமான் என்றதும் திரைப்படத்தில் கண்ட காட்டிக்கொடுத்தவரை மட்டும் நினைக்கும் இளைஞர் உளர். மன்னர் புகழ் பாடி இந்நிகழ்ச்சியை விழுங்கிவிடும் நூல்களும் உள. இரண்டும் எமக்கு உடன்பாடல்ல. அம்மன் காசு பிழைத்திருந்ததே அந்த நட்பின் நிழலில்தான் என்பதை மறைப்பதில் பயனில்லை.

இனிக் காசுக்கு வருவோம். விஜயரகுநாதத் தொண்டைமான் (1730-1769) காலத்தில், மௌன விரதம் பூண்டிருந்த சதாசிவப் பிரம்மேந்திரர் திருவரங்குளக் காட்டில் அவருக்கு மணலில் எழுதி உபதேசித்தார் என்பதும், மன்னர் அம்மணலை அள்ளிவந்து அரண்மனையில் வைத்துப் பூசித்தார் என்பதும் வழிவழி வரும் செய்தி. தொண்டைமான்கள் தம்மைப் 'பிரகதாம்பாதாஸ்', அதாவது அம்மனின் அடியவர் என்றே அழைத்துக்கொண்டனர். காசின் முகப்பில் மன்னன் தலை இல்லாமைக்குப் பொருள் இதுவே. நாட்டுக்கு உடையவள் அவள். அரசன் அவள் பணியாள்.

மறுபுறத்தில் 'விஜய' என்னும் சொல் தெலுங்கு எழுத்தில் உள்ளது. போர் வெற்றியைக் குறிப்பது என்பாரும், விஜயரகுநாதர் பெயரைக் குறிப்பது என்பாரும் உளர். பெயர் என்பதே எமக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது. தமிழ் மன்னன் காசில் தெலுங்கு ஏன்? விஜயநகரத்தாரும் நாயக்கரும் ஆண்ட பின், தெலுங்கு அரசவைக்குரிய பெருமை பெற்ற மொழியாயிற்று. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளோ தம் காசில் 'சேது' என்று தமிழிலேயே பொறித்தனர்.

இருபது அம்மன் காசு ஓர் அணா. 320 காசு ஒரு ரூபாய். நாணயம் அடிக்கும் உரிமை அரசுரிமையின் அடையாளம் என்பர். அவ்வுரிமை அணாவில் இருபதில் ஒரு பங்காகச் சுருங்கிப்போனது. பொன்னும் வெள்ளியும் பிரிட்டிஷாருடையவை; செம்பு மட்டும் அம்மனுடையது. நவராத்திரியில் ஏழைகளுக்கு அரிசியோடு இக்காசை வழங்குவது அரண்மனை வழக்கம். முன்னர் கையால் அடிக்கப்பட்ட கரடான காசு, சேஷையா சாஸ்திரியார் ஆட்சியை நடத்திய காலத்தில், 1889இல், இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் இயந்திரத்தில் அச்சாகிக் கப்பலேறி வந்தது. திருக்கோகர்ணத்து அம்மன் பர்மிங்ஹாமில் வார்க்கப்பட்டாள்!

தோட்டங்களுக்கு வந்த எம் முன்னோர் கண்டது வேறு சில்லறை. ரூபாய் இரு கரைக்கும் பொது. ஆனால் இலங்கையில் அது நூறு சதமாகப் பிரிந்தது. கணக்கிட்டால் ஒரு சதத்துக்கு மூன்று அம்மன் காசுக்குச் சற்று மேல். 1870 முதல் அடித்த செப்புச் சதத்தின் ஒருபுறம் விக்டோரியா மகாராணியார். மறுபுறம் பனைமரமும், சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பும். சொந்த நாட்டுக் காசில் தமிழ் எழுத்தைக் காணாத புதுக்கோட்டைக் குடியானவன், 1876-78 பஞ்சத்தில் பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த இடத்தில் கூலியாகப் பெற்ற சதத்தில் அதைக் கண்டிருப்பான். அதைப் படிக்க அவனுக்கு எவரும் கற்பித்திருக்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம்.

1948ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் திகதி, இராஜகோபாலத் தொண்டைமான் ஆட்சியில், புதுக்கோட்டை சமஸ்தானம் சென்னை மாகாணத்தோடு இணைக்கப்பட்டுத் திருச்சி ஜில்லாவின் பகுதியாயிற்று. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் திகதி இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்து, தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. புதுக்கோட்டையிலிருந்து வந்த குடும்பங்களுக்கு ஒரே ஆண்டில் விட்டுவந்த அரசும் இல்லை, வந்து சேர்ந்த நாடும் இல்லை. 1964இல் ஸ்ரீமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கிட்டது. தலைமன்னாரில் இராமானுஜம் கப்பலேறியவர்களுள் புதுக்கோட்டைப் பக்கம் போனவர்களும் உண்டு. 1974 ஜனவரி 14 முதல் அது தனி மாவட்டம்; தொண்டைமானின் அரண்மனை கலெக்டர் அலுவலகமாகியிருந்தது.