நிலம் சூழ்ந்த தீவுகள்



கடல் சூழ்ந்த நிலமே தீவு என்று பள்ளியில் படித்தோம். நம் புதுவைப் பிரதேசத்திலோ நிலம் சூழ்ந்த தீவுகளும் உண்டு. காரைக்கால் தமிழகத்தின் நடுவே, மாகே கேரளத்தில், ஏனாம் ஆந்திரத்தில், நமக்கு எண்ணூறு கிலோமீட்டருக்கும் அப்பால்.

பிரெஞ்சு அரசு 1823-இல் புதுவை நகரில் மருத்துவப் பள்ளியொன்றை நிறுவியது. 1954 நவம்பர் 1-இல் ஆட்சி கைமாறியபின், அதன் வழித்தோன்றலாக எழுந்த கல்லூரியே 1964-இல் ஜிப்மர் எனப் பெயர் பெற்றது. கோரிமேட்டில் ஏழைகளுக்கு உயர்ந்த சிகிச்சை எளிதில் கிடைக்கலாயிற்று.

ஆனால் ஏனாமிலிருந்து வருபவரின் நிலை என்ன? சிகிச்சை இலவசமாயினும் வழிச்செலவு, துணைக்கு வருபவரின் சாப்பாடு, இழந்த கூலி ஆகியவை இலவசமல்லவே! 2018-இல் வந்த ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்ச ரூபாய் வரை, மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்குக் காப்பளித்தது. எனினும் காப்பீட்டு அட்டை நோயாளியை மருத்துவமனை வாசலுக்குக் கொண்டு சேர்க்காது. ஆகவேதான் 2016-இல் காரைக்காலில் ஜிப்மரின் கிளைக் கல்லூரியும், 2024-இல் ஏனாமில் அதன் சிகிச்சைப் பிரிவும் தொடங்கப்பட்டது பெரும் ஆறுதல்.

கோரிமேட்டுக்கு அரை மணியில் போய்விடும் நாம் ஒன்றை மறக்கலாகாது. தொலைவிலிருந்து வந்து, மொழி தெரியாமல் சீட்டு வரிசையில் நிற்பவருக்கு ஓர் இரவு தங்க இடமும், உடன் நிற்க ஓர் ஆளும் தருவோம். அதுவும் மருத்துவமே.