பம்பாயில் இருந்தார், நமக்குத் தெரியவில்லை

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிவபுரம். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். 1951-இல் அந்த ஊர் வயலில் மண்ணை வெட்டிக்கொண்டிருந்த ஒரு விவசாயியின் கையில் செப்புத் திருமேனிகள் அகப்பட்டன. மொத்தம் ஆறு. அவற்றில் ஒருவர் நடராசர், பத்தாம் நூற்றாண்டுச் சோழர் வார்ப்பு. ஊருக்கு ஆபத்து வந்த காலங்களில் உற்சவர்களைக் குழி வெட்டிப் புதைத்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். புதைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்க முடியாமல் போயிருக்கும். புதையல் சட்டத்தின்படி அரசின் கைக்குப் போன திருமேனிகள், சிவகுருநாதசுவாமி கோவிலுக்கே கொடுக்கப்பட்டன. நடராசருக்கு மறுபடி விளக்கு ஏற்றினார்கள்.

அது நீடிக்கவில்லை. 1954 வாக்கில், பழுது பார்க்க வேண்டும் என்று திருமேனிகளைக் கும்பகோணத்தில் ஒரு ஸ்தபதியிடம் அனுப்பினார்கள். மெழுகில் உருவம் பிடித்து, மேலே மண் பூசி, சுட்டு, மெழுகு உருகி ஓடிய இடத்தில் உலோகத்தை ஊற்றுவது காவிரிக்கரையில் தலைமுறை தலைமுறையாக வரும் வேலை. எதிரே அசல் இருந்தால், அதைப் போலவே இன்னொன்று வார்ப்பது தேர்ந்த கைக்குப் பெரிய காரியமில்லை. சிலை வியாபாரிகள் அந்தக் கையை வளைத்தார்கள். சிவபுரத்துக்குப் புது வார்ப்பு திரும்பிப் போனது. அசல் வேறு வழியில் கிளம்பியது. உடன் போன மற்ற திருமேனிகள் பலவற்றுக்கும் இதே கதிதான்.

இங்கே பம்பாயில், செம்பூரிலும் தாராவியிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் பார்க்கும் நிஞ்சா தொடர்களில் ஒரு வித்தை வரும். எதிராளி பாய்ந்து வெட்டுவான். புகை விலகினால் அங்கே மரக்கட்டை கிடக்கும், ஆள் எப்போதோ போயிருப்பான். ‘நருட்டோ’ பார்த்த பிள்ளைக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கதையில் எத்தனை கொடிய கொள்ளைக்காரன் வந்தாலும் புகை ஒரு நொடியில் விலகிவிடும், ஏமாந்தது தெரிந்துவிடும். சிவபுரத்தில் அந்தப் புகை பத்து வருடம் விலகவில்லை. பூட்டை உடைத்துத் திருடியவன் காலியான பீடத்தையாவது விட்டுப் போகிறான். ஊர் கூடி அழலாம், போலீசுக்குப் போகலாம். இவர்கள் அந்த அழுகையையும் சேர்த்துத் திருடினார்கள். குருக்கள் தீபாராதனை காட்டினார், ஜனங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். எனக்கு இந்தக் கதையில் மனம் ஆறாத இடம் இதுதான்.

அசல் வந்து சேர்ந்த இடம் பம்பாய். லான்ஸ் டேன் என்ற கலைப்பொருள் சேகரிப்பாளரிடம் சுமார் பத்து வருடம் இருந்தது. பிறகு போமன் பெஹ்ராம் என்ற இன்னொரு சேகரிப்பாளரிடம் போனது. அந்த வருடங்களில் இந்த ஊரில் நாம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்துப் பார்க்கிறேன். 1952-இல் சண்முகானந்த சபா தொடங்கியது. 1963-இல் கிங்ஸ் சர்க்கிள் பக்கத்தில் அதன் பெரிய அரங்கம் திறந்தது. மேடையில் நடராசர் சிலை வைத்து, பூப்போட்டு வணங்கிவிட்டுத்தான் ஆடுகிறவர்கள் சலங்கை ஒலிக்கத் தொடங்குவார்கள். மாட்டுங்கா சமையலறைகளில் மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டி, கூட்டு வைத்து, சிதம்பரம் இருக்கும் திசை பார்த்து நைவேத்தியம் செய்தார்கள். சோழன் காலத்துக் கூத்தன் அதே பம்பாயில் யாரோ ஒருவர் வீட்டில் இருந்தார். நமக்குத் தெரியவில்லை.

தெரிந்தது ஓர் ஆங்கிலேயருக்கு. பிரிட்டிஷ் மியூசியத்தைச் சேர்ந்த டக்ளஸ் பாரெட் ஆரம்பகாலச் சோழர் செப்புத் திருமேனிகள் பற்றி ஒரு நூல் எழுதினார். சிவபுரம் கோவிலில் இருப்பது புதிதாகச் செய்த நகல், அசல் பம்பாயில் ஒரு தனியாரிடம் இருக்கிறது என்று அதில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்தார். 1965-இல் அந்த நூலை வெளியிட்டது பம்பாயிலேயே இருந்த புலாபாய் நினைவு நிறுவனம். அச்சில் வந்துவிட்ட பிறகும் சிலை உடனே மீட்கப்படவில்லை. பழம்பொருள்களை உரிமம் இல்லாமல் வெளியே அனுப்பக் கூடாது என்று 1947-லேயே சட்டம் இருந்தது. இருந்தும் 1969-இல் நடராசர் நியூயார்க் போய்விட்டார்.

அங்கே பென் ஹெல்லர் என்ற வியாபாரி வாங்கினார். அவரிடமிருந்து 1973-இல் கலிஃபோர்னியாவின் நார்ட்டன் சைமன் அறக்கட்டளை வாங்கியது. சொல்லப்பட்ட விலை 9 லட்சம் டாலர். தான் வாங்கும் ஆசியக் கலைப்பொருள்களில் பெரும்பாலானவை கடத்திவரப்பட்டவைதான் என்று சைமன் பத்திரிகைக்கே கூச்சமில்லாமல் சொன்னார். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் சிலையைக் காட்சிக்கு வைக்க ஏற்பாடானபோது இந்தியா எதிர்த்தது, கண்காட்சி நின்றது. பழுது நீக்க லண்டன் போன சிலையை ஸ்காட்லாந்து யார்டு முடக்கியது. இந்தியா வழக்குத் தொடுத்தது.

  

சிவபுரத்து வழக்கு 1976-இல் உடன்பாட்டில் முடிந்தது. சிலை இந்தியாவுக்குச் சொந்தம், ஆனால் பத்து வருடம் சைமன் வைத்துக் காட்டிக்கொள்ளலாம். என்னால் இதை நியாயம் என்று ஏற்க முடியவில்லை. கைவிட்டுப் போன பொருள் கைக்கு வருவதே பெரிது என்று அன்றைக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள்.

1986-இல் நடராசர் திரும்பினார். மறுபடி திருடு போய்விடக் கூடாதே என்று சென்னை மயிலாப்பூர் கபாலீசுவரர் கோவிலில் பத்திரமான அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஆருத்ரா தரிசனத்தன்று தோளில் ஏறி வீதிக்கு வருவதற்காகத்தான் அவரைச் செம்பில் வார்த்தார்கள். பீடத்தில் கழி கோக்கத் துளைகள்கூட வைத்தார்கள். மயிலாப்பூரில் ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது கும்பகோணம். அங்கிருந்து சிவபுரம் கூப்பிடு தூரம்.