தாணுப்பிள்ளையும் மார்த்தாண்டமும்

கிழக்கேகோட்டைத் தமிழரிடையே பட்டம் தாணுப்பிள்ளையின் பெயர் கசப்புடனேயே வழங்கி வந்துள்ளது. 1954 ஆகஸ்ட் 11 அன்று, தென் தாலுகாக்களைத் தமிழகத்துடன் இணைக்கக் கோரியவர்கள்மீது மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீசார் சுட்டனர், உயிர்கள் பலியாயின. அப்போது திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் அவரே.

ஆயினும் அவரை வன்னெஞ்சர் என்பது வரலாறாகாது. 1938இல் திவான் சர் சி. பி. இராமசாமி ஐயரின் ஆட்சியை எதிர்த்துச் சிறை புகுந்த ஸ்டேட் காங்கிரஸ் தலைவர் அவர். அத்திவானோ நம் மொழியினர்; 1936இல் ஆலயப் பிரவேசப் பிரகடனத்தால் நமது பத்மநாபசுவாமி கோயில் எல்லா இந்துக்களுக்கும் திறந்தபோது பதவியிலிருந்தவர். அவர் ஆட்சியில்தான் 1946இல் புன்னப்புரை-வயலாரில் தொழிலாளர் சுடப்பட்டனர். அதை மட்டும் நம்மவர் தாழ்ந்த குரலில் பேசுவானேன்?

இவ்விடத்தில் ராம் மனோகர் லோகியாவை நினைக்கிறோம். தாணுப்பிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சிக்கு அவர் பொதுச் செயலாளர். மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டுமென்று, சிறையிலிருந்தபடியே தம் கட்சி அமைச்சரவையைக் கோரினார். நிராயுதபாணிகளைச் சுடுவது சுதந்திர நாட்டு அரசுக்குத் தகுமா என்பதொன்றே அவர் வினா. தாணுப்பிள்ளை விலகவில்லை; கட்சியினர் பலர் லோகியாவையே கடிந்தனர்.

1955இல் அமைச்சரவை கவிழ்ந்தது. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தில் சேர்ந்தன. நாம் இங்கேயே தங்கினோம். 1960இல் தாணுப்பிள்ளை கேரள முதலமைச்சராகி, இந்நகரிலிருந்தே மீண்டும் ஆட்சி நடத்தினார்.