சிபேப் மாஸ்க்கிலிருந்து வரும் காற்று பக்கத்தில் படுப்பவரின் முகத்தில் அடிக்கிறதா? என்ன செய்யலாம்?

"குறட்டை நின்னுடுச்சு. ஆனா இப்ப ராத்திரி முழுக்க மூஞ்சியில காத்து அடிக்குது!"

தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் 'ஸ்லீப் ஆப்னியா' பிரச்சினைக்காக சிபேப் இயந்திரம் வந்து சேர்ந்த வீடுகளில் இந்தப் புகாரைக் கேட்கலாம். சொல்பவர் மாஸ்க் போட்டிருப்பவர் அல்ல, அவர் பக்கத்தில் படுப்பவர்.

கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் இது எங்கே போய் முடியும்? ஒன்று, அம்மா தலையணையோடு ஹாலுக்குப் போய்விடுவார். இல்லையென்றால், அப்பா "பரவாயில்ல, இன்னைக்கு ஒரு நாள் வேணாம்" என்று மாஸ்க்கைக் கழற்றிவைப்பார். ஒரு நாள் இரண்டாகும், பிறகு இயந்திரம் அலமாரிக்குள் போய்விடும்.

சிபேப் மாஸ்க் போட்டிருக்கும் நேரத்தில் மட்டுமே வேலை செய்யும். கழற்றினால் மூச்சுத்தடை அன்றைக்கே திரும்பிவிடும். சிகிச்சை பெறாத ஸ்லீப் ஆப்னியா உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பகலில் தூக்கக் கலக்கம் ஆகியவற்றோடு தொடர்புடையது. வாகனம் ஓட்டுபவர்களுக்கு அந்தத் தூக்கக் கலக்கம் மிகவும் ஆபத்தானது.

சிங்கப்பூரில் இது அபூர்வமான நோயும் இல்லை. 2016இல் வெளியான ஓர் உள்ளூர் ஆய்வில் பங்கேற்றவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மிதமான அல்லது கடுமையான ஸ்லீப் ஆப்னியா இருந்தது. அவர்களில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது.

காற்றுத் தொல்லையைப் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். அதற்கு முன்னால், அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

மாஸ்க்கில் ஏன் துளை இருக்கிறது?

சிபேப் சிகிச்சையை உருவாக்கியவர் ஆஸ்திரேலிய மருத்துவர் காலின் சல்லிவன். 1980இல் சிட்னியில் முதன்முதலில் நோயாளி ஒருவரிடம் அதைப் பயன்படுத்தினார். அடிப்படை யோசனை இன்றும் அதேதான்: தூங்கும்போது தளர்ந்து அடைத்துக்கொள்ளும் தொண்டையை, லேசான காற்றழுத்தத்தால் திறந்தே வைத்திருப்பது.

இயந்திரத்திலிருந்து மாஸ்க்குக்கு ஒரே ஒரு குழாய்தான் போகிறது. அது காற்றை உள்ளே தள்ளும் குழாய். அப்படியானால் நாம் வெளியே விடும் மூச்சு எங்கே போகும்?

அதற்குத்தான் மாஸ்க்கில் சிறு துளைகள் உள்ளன. வெளிவிடும் மூச்சில் உள்ள கரியமில வாயு அவற்றின் வழியாக வெளியேறும். இயந்திரம் ஓடும் நேரம் முழுவதும், மூச்சை உள்ளிழுக்கும்போதுகூட, அந்தத் துளைகளில் காற்று போய்க்கொண்டே இருக்கும்.

எவ்வளவு காற்று? மாஸ்க்கைப் பொறுத்து மாறும். குறைந்த அழுத்தத்தில் நிமிடத்துக்குச் சுமார் 20 லிட்டர். மிக அதிக அழுத்தத்தில் சுமார் 50 லிட்டர். ஓய்வாகப் படுத்திருக்கும் ஒருவர் சுவாசிப்பது நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர்தான். ஆக, பக்கத்தில் படுத்திருப்பவர்மீது அடிப்பதில் பெரும்பகுதி இயந்திரம் அனுப்பும் அறைக்காற்று. "உங்க மூச்சு முழுக்க என்மேல" என்று யாராவது சொன்னால், அது பாதிகூட உண்மை இல்லை!

ஏர்கோன் அறையில் அந்தக் காற்று இன்னும் சில்லென்று இருக்கும். கண் வறண்டுபோகும், மூக்கு அரிக்கும். எரிச்சல் வருவதில் நியாயம் இருக்கிறது.

துளையிலிருந்து வருகிறதா, ஓரத்திலிருந்து வருகிறதா?

மாஸ்க்கிலிருந்து இரண்டு வகைக் காற்று வரலாம். துளை வழியாக வருவது இருக்க வேண்டிய காற்று. முகத்துக்கும் மாஸ்க்குக்கும் இடையே உள்ள இடைவெளியில் வருவது கசிவு. முதலாவதைத் திசைதிருப்பலாம், ஆனால் அடைக்கக்கூடாது. இரண்டாவதைச் சரிசெய்தே ஆக வேண்டும், ஏனென்றால் கசிவு அதிகமானால் தேவையான அழுத்தம் கிடைக்காமல் போகும்.

கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வழக்கமாகத் தூங்கும் நிலையில் படுத்து, இயந்திரத்தைப் போட்டு, ஈரக் கையை மாஸ்க்கின் ஓரம் முழுக்க மெதுவாக நகர்த்திப் பாருங்கள். ஈரமான தோலில் மெல்லிய காற்றுகூடத் தெரியும். மூக்கின் மேல்பகுதி, கண்ணோரம், கன்னம் மூன்றையும் கவனியுங்கள்.

ஒரு விஷயத்தை மறந்துவிட வேண்டாம். பல இயந்திரங்கள் குறைந்த அழுத்தத்தில் ஆரம்பித்துப் படிப்படியாக ஏற்றும். படுத்த ஐந்து நிமிடத்தில் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். அதிகாலை மூன்று மணிக்குத்தான் கசியும். சில இயந்திரங்களில் மாஸ்க் பொருந்துகிறதா என்று சோதிக்கத் தனி வசதி உண்டு. அதைப் பயன்படுத்தினால் கூடுதல் அழுத்தத்தில் பார்க்கலாம்.

சத்தமும் துப்புக் கொடுக்கும். 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரே சீராகக் கேட்டால் அது துளை. விசில் மாதிரியோ, பலூனிலிருந்து காற்று பிதுங்குவது மாதிரியோ விட்டுவிட்டுக் கேட்டால் பெரும்பாலும் கசிவு.

வீட்டில் தொழில்நுட்ப வேலையெல்லாம் உங்கள் தலையில்தான் விழுகிறதா? அப்படியானால் இயந்திரத்தின் திரையிலோ செயலியிலோ கசிவு அளவைப் பாருங்கள். ரெஸ்மெட் இயந்திரங்களில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்கு மேல் போனால் அது அதிகக் கசிவு. துளைக் காற்றைக் கழித்துவிட்டுத்தான் அந்தக் கணக்கு வரும். அதனால் அமைப்பில் மாஸ்க் வகை சரியாகத் தேர்வு செய்யப்பட்டிருக்க வேண்டும். மாஸ்க்கை மாற்றிவிட்டு அமைப்பை மாற்றாமல் விட்டிருந்தால் எண்ணை நம்ப முடியாது.

கசிவு என்றால்...

பலரும் முதலில் செய்வது வாரை இறுக்குவது. அது பெரும்பாலும் வேலைக்கு ஆகாது. சிலிக்கோன் மெத்தை காற்றால் லேசாக உப்பி முகத்தில் படிந்தால்தான் இடைவெளி அடையும். இறுக்கினால் மெத்தை நசுங்கி, மடிப்பு விழுந்து, இன்னும் அதிகமாகக் கசியும். முகத்தில் கோடும் விழும்.

படுத்தபடி வாரைத் தளர்த்துங்கள். காற்று வரும்போதே மாஸ்க்கை முகத்திலிருந்து சற்று முன்னால் இழுத்து, மறுபடி மெதுவாகப் படியவிடுங்கள். பிறகு கசிவு நிற்கும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். உட்கார்ந்துகொண்டு சரிசெய்தால் படுத்ததும் மாறிவிடும், கன்னம் இடம்பெயரும் இல்லையா?

முகத்து எண்ணெய்ப் பசையும் காரணமாக இருக்கலாம். இரவில் முகத்துக்குக் கிரீம் போடும் பழக்கம் இருந்தால் மாஸ்க் படும் இடத்தை விட்டுவிடுங்கள். மெத்தையைத் தினமும் மிதமான சோப்பு நீரில் கழுவுவது நல்லது. கழுவியும் கசிந்தால் மெத்தை தேய்ந்திருக்கலாம். அதை மட்டும் தனியாக வாங்கி மாற்ற முடியும். தாடி இருப்பவர்களுக்கு முகத்தை முழுதாக மூடும் மாஸ்க் சரியாகப் படியாமல் போவதுண்டு. மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் வகை அவர்களுக்கு ஒத்துவரலாம்.

மூக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கினால் காற்று வாய்வழியே தப்பிக்கும். காலையில் வாய் வறண்டிருந்தால் அதைச் சந்தேகிக்கலாம். மூக்கடைப்புக் காரணமா, மாஸ்க் வகையை மாற்ற வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பது நல்லது.

துளைக் காற்றை எப்படித் திசைதிருப்புவது?

காசு செலவில்லாத வழியிலிருந்து ஆரம்பிப்போம். கட்டிலில் இடம் மாறிப் படுங்கள்!

அப்பா பெரும்பாலும் இடதுபக்கம் திரும்பிப் படுப்பவர் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய இடதுபக்கத்தில் அம்மா படுத்திருந்தால் காற்று நேராக அம்மாவின் முகத்துக்குத்தான் போகும். இருவரும் இடம் மாறினால் காற்று சுவரைப் பார்த்துப் போகும். பல வருஷமாக ஒரே பக்கம் படுத்துப் பழகியவர்கள் ஒரு வாரம் முணுமுணுப்பார்கள். இருந்தாலும் மற்ற எதையும் வாங்குவதற்கு முன்னால் இதை முயல வேண்டும் என்பதே என் கருத்து.

அடுத்து, நம்மூர் வீடுகளில் எப்படியும் இருக்கும் போல்ஸ்டர். துளையிலிருந்து வரும் காற்று மெல்லிய தாரை. கொஞ்ச தூரம் போனதும் சுற்றியுள்ள காற்றோடு கலந்து வேகம் குறைந்துவிடும். இருவர் முகத்துக்கும் நடுவில் ஒரு போல்ஸ்டரை நிமிர்த்தி வைத்தால் தாரை அதில் மோதிச் சிதறும். மாஸ்க்கை ஒட்டி வைக்க வேண்டாம். குறைந்தது ஒரு சாண் இடைவெளி இருக்கட்டும். வீவக வீட்டுச் சின்ன அறையில், கட்டில் இரு பக்கமும் சுவரை நெருங்கி இருந்தால், இதுதான் சுலபம்.

ஒருவர் தலையணையைச் சற்று மேலேயோ கீழேயோ நகர்த்திப் படுத்தாலும் தாரை முகத்தைத் தவறவிடும். சில மாஸ்க்குகளில் துளைகள் குழாய் இணையும் சுழலும் மூட்டில் இருக்கும். அதைத் திருப்பினால் காற்றின் திசையும் மாறும்.

குழாய் இழுபட்டால் மாஸ்க் கோணலாகி ஓரத்தில் கசியும். தலைமாட்டில் ஒரு கொக்கி மாட்டி, குழாயை மேலிருந்து தொங்கவிடலாம். ஏர்கோன் குளிரில் குழாய்க்குள் நீர் கோத்துக் 'களக் களக்' என்று சத்தம் வந்தால், இயந்திரத்தைத் தலை மட்டத்துக்குக் கீழே வையுங்கள். வெப்பமூட்டும் குழாயும் கிடைக்கிறது.

மாஸ்க்கை மாற்றினால் சரியாகுமா?

பல நேரம் ஆகும். எல்லா மாஸ்க்கும் ஒரே மாதிரி காற்றை வெளியேற்றுவதில்லை. பழைய வடிவங்களில் ஐந்தாறு துளைகள், ஐந்தாறு கூர்மையான தாரைகள். புதியவை பலவற்றில் நுண்ணிய வலையோ எண்ணற்ற சிறு துளைகளோ இருக்கும். அதே அளவு காற்று பரவலாகப் போவதால் முகத்தில் அடிப்பது தெரியாது, சத்தமும் குறைவு. குழாய் தலைக்கு மேலே இணையும் மாஸ்க்குகளும் உண்டு. புரண்டு படுப்பவர்களுக்கு அவை வசதி.

விற்பனையாளரிடமோ தூக்கச் சிகிச்சைப் பிரிவிலோ கேட்கும்போது "வசதியான மாஸ்க் இருக்கா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "காத்தைப் பரப்பி விடுற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். முடிந்தால் பக்கத்தில் படுப்பவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கேயே மாஸ்க் போட்டுக் காற்று எங்கே போகிறது என்று அவர் கையை நீட்டிப் பார்க்கலாம்.

வலை மாதிரித் துளை உள்ள மாஸ்க்கில் தூசு அடைத்தால் சத்தமும் தாரையும் மாறும். தயாரிப்பாளர் சொன்னபடி கழுவுங்கள்.

எதைச் செய்யவே கூடாது?

துளையை டேப் ஒட்டி அடைப்பது, காலுறையோ துணியோ கட்டி மூடுவது, போர்வைக்குள் தலையை நுழைத்துத் தூங்குவது. மூன்றும் வேண்டாம். வெளியேற வேண்டிய கரியமில வாயு மாஸ்க்குக்குள் தங்கினால் அதையே திரும்பத் திரும்பச் சுவாசிக்க நேரிடும். முகம் முழுவதையும் மூடும் மாஸ்க்கில், இயந்திரம் நின்றுபோனால் வெளிக்காற்றை உள்ளே விட ஒரு பாதுகாப்பு வால்வும் இருக்கும். அதையும் மூடக்கூடாது.

காற்று குறையட்டும் என்று அழுத்தத்தை நீங்களாகவே குறைக்கவும் வேண்டாம். தொண்டையைத் திறந்துவைக்கும் அளவு பார்த்து நிர்ணயித்த அழுத்தம் அது. தேவைக்கேற்ப அழுத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் இயந்திரம் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்கலாம்.

காந்தம் உள்ள மாஸ்க்: பக்கத்தில் படுப்பவரும் கவனிக்க வேண்டும்

சில மாஸ்க்குகளின் வார்களில் காந்தக் கொக்கிகள் இருக்கும். மாட்டுவது எளிது. ஆனால் இதய மின்தூண்டல் கருவி போன்று உடலுக்குள் பொருத்தப்பட்ட சில கருவிகளை அந்தக் காந்தங்கள் பாதிக்கக்கூடும். 2022இலும் 2023இலும் தயாரிப்பு நிறுவனங்கள் இதுகுறித்து எச்சரிக்கை விடுத்தன. மாஸ்க் போடுபவருக்கு மட்டுமல்ல, ஒரே கட்டிலில் படுப்பவருக்கும் அது பொருந்தும். காந்தம் அத்தகைய கருவியிலிருந்து குறைந்தது 15 சென்டிமீட்டர் தள்ளியிருக்க வேண்டும். தூக்கத்தில் யார் அளந்து பார்ப்பது? வீட்டில் யாருக்காவது அப்படிக் கருவி இருந்தால் காந்தம் இல்லாத மாஸ்க்கையே கேட்டு வாங்குங்கள்.

சளி, காய்ச்சல் வந்தால்?

மாஸ்க் போட்டவருக்கு ஃப்ளூ அல்லது கோவிட் தொற்று இருந்தால், துளை வழியாக வெளியேறும் காற்று கிருமிகளை அறையில் பரப்பக்கூடும். குணமாகும்வரை மற்றவர் வேறு அறையிலோ ஹாலிலோ படுப்பது நல்லது. சன்னலைத் திறந்துவையுங்கள். மூக்கு மிகவும் அடைத்து மாஸ்க் போடவே முடியவில்லை என்றால் எத்தனை நாள் நிறுத்தலாம் என்று சிகிச்சை தரும் மருத்துவரிடமோ தூக்கச் சிகிச்சைப் பிரிவிலோ கேளுங்கள்.