வையைப் புனலும் மதுரைக் கண்மாய்களும்

ஐம்பூதங்களுள் நீரின் இயல்பு தண்மையும் நெகிழ்ச்சியுமாம். ஓசை, ஊறு, ஒளி, சுவை என்னும் நான்கும் அதற்கு உளவென்றும், நாற்றம் நிலத்திற்கே உரித்தென்றும் நூல்கள் கூறும். இவற்றோடு உலகியலில் யாவரும் அறிந்த குணம் ஒன்றுண்டு. அஃதாவது பள்ளம் நாடிச் செல்லுதல். திருவேடகத்தில் ஆளுடைய பிள்ளையார் இட்ட ஏடு வையையை எதிர்த்தேறியதனை அற்புதமெனப் போற்றுவதும், புனல் கீழ்நோக்கியே ஓடுமென்பது ஐயமற்ற உண்மையாதலின் அன்றோ!

மதுரை நாட்டு வேளாண்மை இவ்வொரு குணத்தின்மேல் நிற்பது. வருஷநாட்டு மலையிற் பிறந்து கிழக்கே ஓடும் வையை, மழைக்காலத்திற் பெருகி வேனிலில் மணலாய்க் கிடப்பது. பரிபாடலிற் பாராட்டப்பெற்ற ஆறு இதுதானோ என நகைப்பாரும் உளர். அவர் மணலின் அடியைத் தோண்டிப் பாராதவர். பரல்களின் இடையே தங்கிய நீர் வெயிலுக்கு எளிதில் ஆவியாகாது. ஆற்றிலே ஊற்றுத் தோண்டி உண்ட ஊர்கள் இதற்குச் சான்று.

நம் முன்னோர் சில திங்களே வரும் வெள்ளத்தைக் கால்வாய் வழியே கண்மாய்களிற் பாய்ச்சினர். ஒரு கண்மாய் நிறைந்தால் மிகைநீர் கலிங்கின் வழியே மறுகால் போய், அடுத்த தாழ்ந்த கண்மாயை அடையும். மடையைத் திறந்துவிட்டால் வயலுக்கு நீர் தானே இறங்கும், இறைப்பார் வேண்டா. இத்தொடரில் ஒன்று தூர்ந்தாலும் அதன்கீழ் உள்ளவையெல்லாம் வாடும்.

நிற்க. தாது வருடப் பஞ்சத்தில் (1876-78) இந்நாடு பட்ட துயர் பெரிது. மேற்கு நோக்கி ஓடும் பெரியாற்றைக் கிழக்கே திருப்பும் எண்ணம் அதற்கு முன்னரே உண்டு. சேதுபதியின் பிரதானி முத்திருளப்ப பிள்ளை 1789-இல் ஆட்களை அனுப்பி மலையை ஆராய்வித்தார். திருவிதாங்கூரோடு 1886-இல் உடன்படிக்கை எழுதப்பெற்றது; பென்னிகுயிக் கட்டிய அணையினின்று 1895-இல் நீர் வந்தது. அவர் நீரின் குணத்தை வென்றாரல்லர். ஆற்றை அணையால் உயர்த்தி, மலையைக் குடைந்து, கிழக்கே புதியதொரு பள்ளத்தைக் காட்டினார். நீர் தன் இயல்பின்படியே இறங்கி வையையிற் கலந்தது. பேரணையிற் பிரியும் பெருங்கால்வாய் மேலூர்ப் புன்செய்களை நன்செய்யாக்கியது இவ்வாறே.

இத்துணை நுட்பம் அறிந்த நாட்டிலே, நகரம் விரிந்தபோது கண்மாய்கள் வெற்றிடமாக எண்ணப்பட்டமை வருந்தத்தக்கது. கட்டடம் எழுப்பி மேடாக்கினும் சுற்றுப்புறத்துச் சாய்வு மாறுவதில்லை. 2024 அக்டோபர் 25 அன்று பெருமழை பொழிந்தபோது, செல்லூர்க் கண்மாய், பந்தல்குடிக் கால்வாய் இவற்றின் பெருக்கு கரை கடந்து வீடுகளிற் புகுந்தது. அதனை ஊருக்குள் நீர் வந்ததென்று பலரும் கூறினர். நீரின் வழியில் ஊர் வந்திருந்தது. 2004-இல் உயர்நீதிமன்றக் கிளை திறக்கப்பெற்ற இடத்திற்கு உலகனேரி என்பது பெயர். அப்பெயரின் ஈற்றில் ஏரி இன்றும் இருக்கின்றது.