டூம்ஸ்டோன்

டூம்ஸ்டோன், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கோச்சீஸ் மாவட்டத்தின் வறண்ட மேட்டுநிலத்தில் உள்ள பழைய வெள்ளிச் சுரங்க ஊர். 1877இல் எட் ஷீஃபலின் தாது தேடிப் புறப்பட்டபோது, அவருக்குக் கிடைக்கப்போவது கல்லறைக்கல்தான் என்று படைமுகாமில் கேலி பேசினார்கள். வெள்ளி கிடைத்ததும், கல்லறைக்கல்லைக் குறிக்கும் ‘டூம்ஸ்டோன்’ என்ற ஆங்கிலச் சொல்லையே அவர் தம் சுரங்கத்துக்குப் பெயராக வைத்தார். 1879இல் ஊர் உருவானது. 1881 அக்டோபர் 26இல் சட்டக் காவல் தரப்பில் எர்ப் சகோதரர்களும் அவர்கள் நண்பர் டாக் ஹாலிடேயும் ஒருபுறமும், ‘கௌபாய்’ கும்பலின் கிளான்டன், மெக்லாரி தரப்பினர் மறுபுறமும் நின்று சுட்டுக்கொண்டதே ஊரின் பெயரை உலகறியச் செய்தது. சுமார் 30 விநாடிகளில் மூவர் இறந்தனர். திரைப்படங்கள் சொல்வதுபோல் அது ஓ.கே. குதிரைக் கொட்டிலுக்குள் நடக்கவில்லை. அருகிலிருந்த காலி மனையில் நடந்தது. ஊரின் ஏற்றத்தையும் சரிவையும் தீர்மானித்தது துப்பாக்கி அல்ல, தண்ணீர்.

தரைக்கு மேல் தண்ணீர்ப் பஞ்சம். 1881 ஜூனிலும் 1882 மேயிலும் கடைவீதி எரிந்தபோது அணைக்கப் போதிய நீரில்லை. பின்னர் ஹுவாச்சுக்கா மலையிலிருந்து இருபது மைலுக்கும் மேலாகக் குழாய் போட்டுக் கொண்டுவந்தார்கள். தரைக்குக் கீழேயோ, 1881இலேயே ஏறத்தாழ 500 அடி ஆழத்தில் ஊற்று பீறிட்டது. கிராண்ட் சென்ட்ரல், கன்டென்ஷன் சுரங்கங்கள் ராட்சத நீராவிப் பம்புகளை நிறுவி இரவும் பகலும் இறைத்தன. 1886இல் கிராண்ட் சென்ட்ரலின் பம்பு தீயில் அழிந்ததும் ஆழத்துத் தாது மூழ்கியது. ஊரின் சரிவுக்கு வெள்ளி விலை வீழ்ச்சிதான் காரணம் என்று வாதிடலாம். 1884இல் நாட்கூலி 4 டாலரிலிருந்து 3 ஆகக் குறைந்து வேலைநிறுத்தம் நடந்ததும் உண்மையே. ஆனால் விலை அடியோடு சரிந்தது 1893இல். அதற்கு ஏழாண்டு முன்பே பம்புகள் நின்றுவிட்டன. 1900களின் தொடக்கத்தில் புதிய பம்புகளோடு மீண்டும் முயன்றவர்களையும் அதே நீர்தான் 1911இல் வெளியேற்றியது.

துப்பாக்கிச் சண்டை இல்லாவிட்டால் ஊரே இருந்திருக்காது என்ற மறுப்பில் பாதி நியாயம் உண்டு. 1929இல் மாவட்டத் தலைமையிடம் செம்புச் சுரங்க ஊரான பிஸ்பிக்குப் போனது. அதே ஆண்டு ஊரார் ஹெல்டொராடோ விழாவைத் தொடங்கிப் பழைய ரவுடித்தனத்தைச் சுற்றுலாவாக்கினர். ஆயினும் அது ஊரைப் பிழைக்க வைத்ததே தவிர உருவாக்கவில்லை. 1882இன் செங்கல் நீதிமன்றம் (இப்போது மாநில வரலாற்றுப் பூங்கா), அதே ஆண்டின் செயின்ட் பால் தேவாலயம், 1881இல் திறந்த பேர்ட் கேஜ் அரங்கு, 1880இல் ஜான் கிளம் தொடங்கிய ‘எபிடாஃப்’ நாளேடு ஆகிய எல்லாமே வெள்ளிப் பணத்தில் எழுந்தவை. பூட்ஹில் இடுகாட்டையும் 1885இல் நட்டதாகக் கூறப்படும் பிரம்மாண்ட ரோஜாவையும் பார்க்கவும் கூட்டம் வருகிறது. 1961இல் ஊர் தேசிய வரலாற்றுச் சின்னமானது. 2020 கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்வோர் 1,308 பேர்.