கோறளைப்பற்றும் அகோவாவும்: சிற்றரசு போன பின் எஞ்சியது

பொலன்னறுவையிலிருந்து கிழக்கே வரும் நெடுஞ்சாலையும் புகையிரதப் பாதையும் காடு கடந்து வாவிக்கரையைத் தொடுமிடம் ஓட்டமாவடி. வடக்கே வெருகல் ஆறு வரை பரந்து கிடக்கும் கோறளைப்பற்றின் வாயில் அது. இன்று கோறளைப்பற்று என்ற பெயரை, வடக்கு, மேற்கு, தெற்கு, மத்தி என்ற அடைகளோடும் அடையின்றியும், ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகள் சுமந்து நிற்கின்றன. எந்தக் கிராமம் எந்தப் பிரிவுக்குரியது என்பதில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்குமிடையே நீண்டகாலப் பிணக்கும் உண்டு. இரு தரப்பினரும் பேச்சின் நடுவே பழைய வன்னிமைக் கதைகளைச் சான்று காட்டுவர். அந்த வன்னிமை எத்தகையது, அதிலிருந்து உண்மையில் எஞ்சியது எது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது நல்லது.

ஒப்பிட்டுப் பார்க்க, வெகு தொலைவிலுள்ள ஒரு நாட்டை முதலில் காண்போம். 1204ஆம் ஆண்டில் நான்காம் சிலுவைப் போரின் படை, கிறிஸ்தவ நகரமான கொன்ஸ்தாந்திநோப்பிளையே கைப்பற்றிச் சூறையாடியது. அடுத்த ஆண்டில் பிரெஞ்சு வீரர் சிலர் தெற்கே இறங்கிக் கிரேக்கத்தின் பெலப்பொனேசஸ் குடாநாட்டைப் பிடித்தனர். மொரேயா என்று அவர்கள் அழைத்த அந்நாடு பன்னிரண்டு சிற்றரசுகளாகப் பங்கிடப்பட்டது என்பது மரபு. மலையுச்சியில் ஒரு கோட்டை, அதைச் சூழச் சில பள்ளத்தாக்குகள், போருக்கு அழைத்தால் குதிரையோடு வரக் கடமைப்பட்ட சில வீரர்கள்: ஒரு சிற்றரசு என்பது அவ்வளவுதான். ஆர்க்கேடியா மலைநாட்டிலிருந்த அகோவா அவற்றுள் பெரிய ஒன்று. அதற்கு இருபத்து நான்கு வீரமானியங்கள் இருந்தன.

அகோவாவின் பங்கீடு நடந்து சில ஆண்டுகள் கழித்து, 1215இல், கலிங்க மாகன் பெரும் படையோடு வந்து பொலன்னறுவையைக் கைப்பற்றினான். அப்படையில் கேரள வீரர் மிகுந்திருந்ததாகச் சூளவம்சம் கூறுகிறது. 1236ஆம் ஆண்டளவில் அவன் தலைநகரை இழந்தான். நீர்ப்பாசனப் பேரரசு சிதைந்தது. அதன் இடிபாடுகளுக்கிடையே, தெற்கு நோக்கி நகர்ந்த சிங்கள அரசுக்கும் வடக்கே எழுந்த யாழ்ப்பாண அரசுக்கும் நடுவிலுள்ள காட்டு நிலங்களில், வன்னியர் என்ற சிறு தலைவர்கள் தோன்றினர். பேரரசு ஒன்று வீழும்போது அதன் துண்டுகள் தமக்கென வாழக் கற்றுக்கொள்கின்றன. கிரேக்கத்திலும் கிழக்கிலங்கையிலும் ஒரே நூற்றாண்டில் அது நிகழ்ந்தது.

மட்டக்களப்பின் ஏட்டுமரபு, மாகனை மாகோன் என்று அழைக்கிறது. குலங்களுக்கும் கோயில்களுக்கும் கடமைகளையும் வரிசைகளையும் வகுத்துக் கொடுத்து, வன்னிமையை நிறுவியவன் அவனே என்று சொல்கிறது. இவ்வேடுகளைத் தொகுத்து எவ். எக்ஸ். சி. நடராசா 1962இல் 'மட்டக்களப்பு மான்மியம்' என்ற பெயரில் பதிப்பித்தார். அந்நூல் பல காலத்தவர் கைபட்டது. மாகனின் காலத்துச் செய்தியும் பல நூற்றாண்டு பிந்திய செய்தியும் அதில் பக்கத்துப் பக்கத்து வரிகளில் அமர்ந்திருக்கும். மொரேயாவுக்கும் இத்தகைய ஒரு வரலாற்றேடு உண்டு. வெற்றிக்கு ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு எழுதப்பட்டது. ஆண்ட குடும்பங்களின் பெருமைக்காக எழுதப்பட்டது. இரண்டு நூல்களும் நடந்ததை நினைவுகூர்வதோடு நில்லாமல், தம்மை எழுதுவித்தோரின் உரிமையை நிலைநாட்டவும் முயல்கின்றன. படிப்பவர் அதை மறக்கலாகாது.

அந்த ஏட்டுமரபின் புகழ்பெற்ற கதை, முக்குவர் திமிலர் போராகும். பட்டாணியர் என்ற முஸ்லிம் வீரரின் துணையோடு முக்குவர் திமிலரை வடக்கே துரத்தினர் என்பது கதை. மட்டக்களப்பிலிருந்து ஓட்டமாவடி நோக்கி வரும் பாதையில் உள்ள சத்துருக்கொண்டான், ஏறாவூர், வந்தாறுமூலை, சந்திவெளி ஆகிய ஊர்ப்பெயர்களுக்கெல்லாம் இந்தத் துரத்தலிலிருந்தே விளக்கம் சொல்வர். பகைவரை வென்ற இடம், பகைவர் மீண்டும் ஏறாதபடி காவல் வைத்த இடம், வந்து ஆறிய இடம், சந்தித்த வெளி என்று அந்த விளக்கம் நீளும். ஒரு சாலை முழுவதையும் ஒரு போரின் நாட்குறிப்பாக வாசிக்கும் இம்மரபு சுவையானது. ஆனால் ஊர்ப்பெயருக்குப் பின்னாளில் சொல்லப்படும் காரணத்தைக் காணி உறுதியாகக் கொள்ள முடியாது.

ஏடுகளை விட்டு வெளிநாட்டார் குறிப்புகளுக்கு வருவோம். 1602ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் என்ற ஒல்லாந்தக் கடற்தளபதி மட்டக்களப்புக் கரையில் இறங்கினார். உள்ளூர் அரசன் அவரை வரவேற்றான். ஆனால் வணிக உடன்பாட்டைப் பேசி முடிக்க அவர் மலையேறிக் கண்டிக்கு, விமலதர்மசூரியனிடம் செல்ல வேண்டியிருந்தது. மட்டக்களப்பின் அரசன் விருந்தினரை ஏற்கலாம். வெளிநாட்டோடு உடன்படிக்கை செய்வதென்றால் அதற்குரியவன் வேறொருவன். சிற்றரசின் அளவு இந்த ஒரு நிகழ்ச்சியில் துல்லியமாகத் தெரிகிறது. அடுத்த அரசனான சேனரதனின் அவையில் மட்டக்களப்பு, பழுகாமம், பாணமை, கொட்டியாரம் ஆகிய பகுதிகளின் தலைவர்கள் இடம்பெற்றதை ஒல்லாந்தக் குறிப்புகள் காட்டுகின்றன. அவர்கள் தம் நிலத்தில் அரசர், கண்டியில் அவையோர்.

சேனரதன் காலத்திலேயே, போர்த்துக்கேயரால் 1626இல் மேற்குக் கரையிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்களில் ஏறக்குறைய நாலாயிரம் பேர் மட்டக்களப்பில் குடியேற்றப்பட்டனர் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638 மே மாதத்தில் ஒல்லாந்தர் இரண்டாம் இராசசிங்கனோடு சேர்ந்து அதைப் பிடித்தனர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தர் வசமாயிற்று. 1795இல் பிரித்தானியர் வந்தனர். இந்த மாற்றங்களுக்குள் வன்னிமை ஓர் அரசாக இருந்தது எந்த நாளில் முடிந்தது என்று சுட்ட இயலாது. அது போரில் விழவில்லை, உத்தியோகமாகச் சுருங்கியது. பிரித்தானியர் ஆட்சியிலும் பற்றின் தலைமை உத்தியோகத்தருக்கு வன்னியனார் என்றே பெயர். கச்சேரியின் கட்டளைக்குக் கீழ்ப்படிந்த வன்னியனார்! பின்னர் 1940களில் காரியாதிகாரிகள் வந்ததும் அந்தப் பெயரும் போயிற்று.

அவ்வாறாயின் எஞ்சியது எது? கோட்டையோ அரண்மனையோ அல்ல. எஞ்சியது ஒரு சொத்துரிமை வழக்கம்.

மட்டக்களப்பு முக்குவரிடையே முதுசம் எனப்பட்ட பரம்பரைச் சொத்து தாய்வழியாகவே சென்றது. ஓர் ஆண்மகனின் கையிலிருந்த முதுசம் அவனுடைய பிள்ளைகளுக்குப் போகாது. அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குச் சேரும். அவனே உழைத்துச் சேர்த்த தேட்டத்துக்கு விதி வேறு. கிறிஸ்தோபர் பிரிட்டோ இவ்விதிகளைத் தொகுத்து 1876இல் முக்குவர் சட்டம் பற்றிய நூலை வெளியிட்டார். விந்தை என்னவென்றால், அதே 1876இல் இயற்றப்பட்ட 15ஆம் இலக்கச் சட்டம் அந்த வழக்கத்துக்கிருந்த சட்ட வலுவை நீக்கியது. சட்டம் அச்சேறிய ஆண்டே அதன் இறுதி ஆண்டுமாயிற்று. இத்தாய்வழி முறையைக் கேரளத்து மருமக்கள் தாயத்தோடும் மாகனின் கேரள வீரரோடும் ஆய்வாளர் பலர் தொடர்புபடுத்துவர்.

நீதிமன்றத்தில் மறைந்த வழக்கம் வீட்டில் மறையவில்லை. கிழக்கில் இன்றும் ஒருவரைத் தாயின் குடியாலேயே அறிவர். கோயிலில் குடி வரிசை உண்டு. முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலும் தாய்வழிக் குடிகள் உண்டு. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிக்கொரு மரைக்காயர் அமர்வது அங்கே பழைய முறை. மகள் திருமணமாகித் தன் வீட்டிலேயே இருப்பாள்; மருமகன் வந்து சேர்வான். ஷரீஅத் முறையில் மகனுக்கு மகளைப் போல் இரு பங்கு. ஆயினும் பெற்றோர் உயிரோடிருக்கும்போதே வீட்டை மகளுக்குக் கொடுத்துவிடுவர். பிறகு பங்கிட அங்கே வீடு இருப்பதில்லை. ஓட்டமாவடியில் முஸ்லிம் தாயும் வாழைச்சேனையில் தமிழ்த் தாயும், 1985க்குப் பின்வந்த கொடிய ஆண்டுகளில் ஒருவர் ஊரை மற்றவர் அஞ்சி வாழ்ந்தபோதும், மகளுக்கு வீடு கட்ட வேண்டும் என்ற ஒரே கவலையோடுதான் உறங்கச் சென்றனர்.

இங்கே அகோவாவுக்குத் திரும்ப வேண்டும். 1259இல் மொரேயாவின் இளவரசன் வில்லியம் போரில் பைசாந்தியரிடம் சிறைப்பட்டான். கோட்டைகளைக் கொடுத்தும் பிணையாட்களை அனுப்பியும் விடுதலை பெற்றான். பிணையாகச் சென்றவர்களுள் ஒருத்தி பசாவா சிற்றரசனின் மகள் மார்கரெட். அவள் அந்நிய நகரில் பிணையாக இருக்கையில், அகோவாவின் அரசனான அவளுடைய உறவினன் பிள்ளையின்றி இறந்தான். உரிமை அவளுக்குரியது. ஆனால் சட்டம் குறித்த தவணைக்குள் வந்து உரிமை கோர வேண்டும். அவள் திரும்பியபோது தவணை கடந்திருந்தது. யாருக்காகப் பிணையாகச் சென்றாளோ அந்த இளவரசனே நிலத்தைத் தனதாக்கிக்கொண்டான். 1276ஆம் ஆண்டளவில் உயர்மன்றத்தில் வழக்கு நடந்தது. அவள் தோற்றாள். பின்னர் இளவரசன் மனமிரங்கி மூன்றில் ஒரு பங்கை, அதாவது எட்டு வீரமானியங்களை, அருளினான். அவளுடைய முழு உரிமை அவனுடைய கொடையாகச் சுருங்கியது.

அந்தச் சட்டத்துக்கும் நீண்ட ஆயுள். 14ஆம் நூற்றாண்டில் அது எழுத்தில் தொகுக்கப்பட்டது. 15ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிராங்க் அரசு அழிந்தது. ஆயினும் 1452இல் வெனிஸ் குடியரசு தன் கீழிருந்த யூபியாத் தீவுக்கு அதே சட்டத்தை ஏற்று உறுதி செய்தது.

மார்கரெட்டின் கதை நமக்குத் தொலைவானதன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், அரச காணி பெற்றவர் வாரிசு குறிக்காமல் இறந்தால் ஆண் வழியினருக்கு முன்னுரிமை கொடுத்தது. தாய்வழிக் கிழக்கில் பெருந்தொகையான காணி அரச காணி. 2004 டிசம்பர் ஆழிப்பேரலை கரையோரத்து வீடுகளை அள்ளிச் சென்றது. அவ்வீடுகளிற் பல, பெண்களுக்குச் சீதனமாக வந்தவை. உதவி நிறுவனங்களும் அரச அலுவலர்களும் புதிய வீட்டைக் 'குடும்பத் தலைவர்' பெயரில் எழுதினர். அவர்கள் கண்ட தலைவர், பெரும்பாலும், அந்த வீட்டுக்கு மருமகனாக வந்தவர். பெண்ணின் உரிமையாக இருந்தது கணவனின் தயவாக மாறியது. தீய எண்ணம் எவருக்கும் வேண்டியிருக்கவில்லை. ஒரு படிவத்தின் ஒரு கட்டமே போதுமாயிருந்தது. காணிச் சட்டத்தின் ஆண்முன்னுரிமை 2022இல்தான் திருத்தப்பட்டது. அதற்குள் எண்பத்தேழு ஆண்டுகள் சென்றிருந்தன.

இவ்வழக்கத்தைப் பொற்காலமாகப் பாட வேண்டியதில்லை. மகளுக்கு வீடு என்பது பெற்றோரைக் கடனாளியாக்குகிறது. வளைகுடா நாடுகளுக்குத் தாய்மாரையும் சகோதரரையும் துரத்துகிறது. வீடில்லாத பெண்ணைத் திருமணமில்லாமல் நிறுத்துகிறது. போடியார் குடும்பத்துக்கு எளிதான முறை, அவருடைய வயலில் உழைத்த முல்லைக்காரன் குடும்பத்துக்குப் பாரமாக இருந்தது. எனினும் கணவன் கைவிட்டாலும், போர் அவனைக் கொண்டுபோனாலும், கிழக்கின் பெண் தன் தாயின் வளவில், தன் சகோதரிமார் நடுவில் இருந்தாள். மூன்று பத்தாண்டுப் போரில் எத்தனை குடும்பங்களை அந்த வளவு தாங்கியது என்பதை அப்பிரதேசத்தை அறிந்தோர் அறிவர்.

மாகோன் வகுத்ததாகச் சொல்லப்படும் எல்லைகளைக் கொண்டு, ஐந்து கோறளைப்பற்றுகளின் எல்லையை இன்று வரைய முடியாது. அந்த ஏடு அதற்கு உதவாது. அதன் காலத்திலும் அது ஒரு தரப்பின் வாக்குமூலமே. ஆனால் அதே பழைய உலகிலிருந்து வந்த தாய்வழி உரிமை, பாலத்தின் இரு பக்கத்து மக்களுக்கும் பொதுவானது. எல்லைக்காக நடக்கும் கூட்டங்களில் செலவாகும் நேரத்தில் ஒரு பங்கையேனும், இரு சமூகத்துப் பெண்களின் வீடுகள் யார் பெயரில் எழுதப்பட்டுள்ளன என்று பார்ப்பதற்கு ஒதுக்கினால், வன்னிமைக் கதையைப் படித்ததற்கு ஒரு பயன் இருக்கும். மார்கரெட்டுக்குத் தவணை தவறியது. நம் பெண்களில் பலருக்கு அது இன்னும் முடிந்துவிடவில்லை.